கடல் போன ஊரில் கப்பல்

"எங்க விடப் போறீங்க?"

கப்பல் பெட்டியைப் பிரித்துக் கூடத்தில் பரப்பியதும் மனைவி கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. பாலாற்றில் 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது வெள்ளம் வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் மணல். கடல் என்று ஒன்று எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது மாமல்லபுரத்தோடு அதுவும் அவர்கள் பங்குக்குப் போய்விட்டது. பாகப்பிரிவினையில் கிணற்றை விட்டுக்கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்காள விரிகுடாவை விட்டுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

"யுவான் சுவாங்னு சீனத்து யாத்ரீகர். ஏழாம் நூற்றாண்டுல வந்தார். அவர் சரித்திரத்துல காஞ்சிபுரத்தைத் துறைமுகம்னே எழுதி வச்சிருக்கு. இங்கேருந்து சிங்களத்துக்கு மூணே நாள்" என்றேன்.

"அப்ப அவர்கிட்டயே குடுத்தனுப்புங்க."

சிங்கப்பூரில் இருக்கும் மகன், ஓய்வுபெற்ற அப்பாவுக்குக் கைவேலை ஆகட்டும் என்று அனுப்பிய பெட்டி அது. இரட்டைப் பாய்மரக் கப்பல், நிஜத்தில் 64-ல் ஒரு பங்கு. மேலே 'தொடக்கநிலையாளருக்கு' என்று போட்டிருந்தது. எதன் தொடக்கம் என்று போடவில்லை.

முதல் வாரம் படிப்பிலேயே போயிற்று. கப்பலின் அடிக்கட்டைக்கு ஏரா என்று பெயர். அதன்மேல் விலா எலும்பு போல வரிசையாக நிற்கும் சட்டங்கள் வங்கு. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். தூத்துக்குடித் தோணிக்காரர்களின் சொற்கள். இவற்றை மனப்பாடம் செய்ததும் பாதிக் கப்பல் முடிந்துவிட்டதாகவே தோன்றியது. இந்த நிம்மதி ஏராவில் வங்குகளை ஒட்டி முடிக்கும்வரை நீடித்தது. பிறகு பலகை வேய வேண்டும்.

பலகை என்றால் பலகை இல்லை, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மரப் பட்டைகள். தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல வளைத்து, வங்குகளின் மேல் ஒட்டி, காயும்வரை துணிக் கிளிப்பால் கவ்வவிட வேண்டும். எனக்கோ ஊறவைத்தால் போதாதென்று பட்டது. காஞ்சிபுரத்துக்காரனுக்கு எதையும் ஆவியில் வேகவைத்தால்தான் திருப்தி. மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இட்லிப் பானையில் பட்டைகளை அடுக்கினேன். அருமையாக வளைந்தன. மறுநாள் சுக்கு, மிளகு, சீரகம் எல்லாம் போட்ட காஞ்சிபுரம் இட்லியில் கூடுதலாக ஒரு வாசம் வந்தது. "மந்தாரை இலை வாசம்" என்று சாதித்தேன். அன்று இலையே வைக்கவில்லையாம்.

வளைந்த பட்டைகளில் நான்கு, ஒட்டும்போது பிளந்தன. இதே ஊரில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு கிடக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-ல் எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்துவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் போனார். அத்தி மரச் சிலை அது. என் மரம் நாற்பது நிமிஷம் தாங்கவில்லை. பெருமாளோடு போட்டி போட்டது என் தப்பு.

இடுக்குகளில் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அப்பினேன். தோணிக்காரர்கள் இடுக்கடைப்பதைக் கலபற்று என்பார்கள். நான் செய்ததைப் பூசிமெழுகியது என்பார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் எதிர்வீட்டு நெசவாளர் உள்ளே வந்தார். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் முப்பது வருஷம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் புடவை சரிபார்த்தவன். மேசைமேல் விரித்து, விளக்குக்குக் கீழே நகர்த்தி, "இங்க ஒரு இழை விட்டிருக்கு" என்று திருப்பிக் கொடுத்த புடவைகளில் அவருடையதும் உண்டு. அவர் எதுவும் பேசவில்லை. கப்பலைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அணியத்தைப் பார்த்தார். இடப்பக்கப் பட்டைகளும் வலப்பக்கப் பட்டைகளும் வந்து சேரவேண்டிய இடம் அது.

"கோர்வை விட்டிருக்கு சார்."

முப்பது வருஷமாக நான் சொன்ன அதே குரலில் சொன்னார். புடவையின் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா ஓட்டி, உடலும் கரையும் சேருமிடத்தில் இழைக்கு இழை பூட்டுவதுதான் கோர்வை. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது எங்கள் ஊர்ப் பெருமை. என் கப்பலில் கரை முதலிலேயே பிரிந்திருந்தது.

"கூலியில பிடிச்சிக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் சிரித்தார்.

பாய்மரக் கயிறுகளை அவரிடமே ஒப்படைத்தேன். வேறு வழியில்லை; நான் கட்டிய ஒன்பது கயிறுகளில் என் சட்டைப் பொத்தானும் சேர்ந்துகொண்டிருந்தது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை ஆயிரக்கணக்கில் முறுக்கிப் பிணைக்கும் வீட்டுக்காரருக்கு அறுபது கயிறு ஒரு பொருட்டா? பெட்டியோடு வந்த நூலை விரலில் உருட்டிப் பார்த்து, "பிசிறு" என்று ஓரமாகப் போட்டார். வீட்டிலிருந்து முறுக்கிய பட்டு கொண்டுவந்தார். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுகிற மாதிரி அதற்கும் கஞ்சி போட்டார். மூன்று சாயங்காலத்தில் கயிறுகள் வீணைத் தந்தி போல நின்றன. உலகத்தில் எந்தக் கப்பலுக்கும் காஞ்சிப் பட்டில் கயிறு இருந்திருக்காது. இதை நான் சரிபார்த்துச் சொல்லவில்லை, பெருமைக்குச் சொல்கிறேன்.

மிதக்கவிட்டுப் பார்க்க அண்டாவில் தண்ணீர் பிடித்த பிறகுதான் பெட்டியோடு வந்த செய்முறைக் காகிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன்: இது காட்சிக்கு வைக்கும் கப்பல், தண்ணீரில் விடக்கூடாது.

நவராத்திரி வந்தது. கொலுப்படிக்குக் கீழே மனைவி ஒரு கண்ணாடியை மல்லாக்க வைத்தாள். ஓரத்தில் மணல் கொட்டி, கேழ்வரகை முளைக்கவிட்டு, குளம் ஆக்கினாள். நடுவில் என் கப்பல். அதில் மரப்பாச்சி அளவில் பெருமாளும் தாயாரும்.

சுண்டலுக்கு வந்த மாமி ஒருவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "தெப்பம் பிரமாதமா இருக்கே! அதுல எதுக்கு ரெண்டு கொடிமரம்?"

"பெருமாளுக்கு ஒண்ணு, தாயாருக்கு ஒண்ணு" என்றாள் மனைவி, தொன்னையை நீட்டியபடி.