பாட்டி ஒப்புக்கொண்ட கல்யாணம்

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. தாய்லாந்தின் சேனல் 3 தொலைக்காட்சியில் ஒரு முதலாளியம்மா அறிமுகமானார். பெயர் சாம். அழகு, பணம், பரம்பரை, சிடுசிடுப்பு எல்லாம் அளவுக்கு மேலேயே உண்டு. அவர் வருகிறார் என்றால் அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்கிறாள் மோன், சாதாரணக் குடும்பத்துப் பெண். சிறுமியாக இருந்தபோதே சாமைப் பார்த்தவள். அன்றிலிருந்து மனதுக்குள் கோயில் கட்டி வைத்திருப்பவள். மேற்கொண்டு என்ன நடக்கும் என்று சீரியல் பார்த்துப் பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பன்னிரண்டு எபிசோடிலும் ஏறக்குறைய அப்படியேதான் நடந்தது.

ஒரு சின்ன மாற்றம் மட்டும் உண்டு. கதாநாயகன் இல்லை. அவருடைய நாற்காலியில் இன்னொரு கதாநாயகி.

'கேப்' என்ற இந்த சீரியலைத் தயாரித்தது ஐடல் ஃபேக்டரி நிறுவனம். கதை, சாவ் ப்ளாநோய் என்ற புனைபெயரில் எழுதுபவரின் நாவல். சாமாக ஃப்ரீன் சரோசா, மோனாக பெக்கி ஆம்ஸ்ட்ராங். இரண்டு பெண்களின் காதலையே முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை பிரதானக் கதையாக வைத்த முதல் தாய்லாந்து சீரியல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதுவரை பெண் ஜோடிகள் இல்லாமல் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் வாசலோடு நின்று பன்னீர் தெளிக்கும் பிள்ளைகளைப் போல, ஓரமாக வந்து போனார்கள். 'லவ் சிக்' (2014), 'சோட்டஸ்' (2016), '2கெதர்' (2020) என்று இரண்டு ஆண்கள் காதலிக்கும் சீரியல்களைத் தாய்லாந்து வரிசையாகத் தயாரித்து உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஃப்ரீனும் பெக்கியும்கூட முதலில் அப்படி ஓர் ஆண் ஜோடிக் கதையில்தான் துணைப் பாத்திரங்களாகச் சேர்ந்து வந்தார்கள்.

அதற்கும் முன்னால், 2010இல், 'யெஸ் ஆர் நோ' என்ற திரைப்படம் வந்தது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்க நேர்ந்த இரண்டு பெண்களின் காதல். ஒருத்திக்குக் கிராப்புத் தலை, சட்டை, பேண்ட். இன்னொருத்திக்கு நீளக் கூந்தல், பாவாடை. தாய்லாந்து சமூகத்துக்கு நெடுநாளாகப் பழக்கமான ஏற்பாடு இது. முன்னவர் 'டாம்', பின்னவர் 'டீ' என்று தனித்தனிப் பெயரே உண்டு. பார்க்கிறவருக்கும் ஒரு வசதி: யார் மாப்பிள்ளை, யார் பெண் என்று மனதுக்குள் பந்தியில் உட்கார வைத்துவிடலாம். 'கேப்' அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டது. இதில் இருவருக்குமே நீளக் கூந்தல், இருவருக்குமே உதட்டுச் சாயம். "இதுல யாரு ஆம்பளை?" என்று கேட்டுக்கொண்டே பார்க்க ஆரம்பித்தவர்கள், பாட்டி உள்ளே நுழைந்ததும் கேள்வியையே மறந்திருப்பார்கள்.

பாட்டிதான் இந்த சீரியலின் உண்மையான முதலாளி. தாய், தகப்பன் இல்லாத மூன்று பேத்திகளை வளர்த்தவர். பேத்திகளின் பெயர்களைத் தமிழில் சொன்னால் ஒன்று, இரண்டு, மூன்று. நம் சாம் மூன்றாவது. பெயர் வைப்பதிலேயே இவ்வளவு சிக்கனம் காட்டியவர், பேத்திகளுக்குக் கொடுத்த சுதந்திரத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஒன்று முறைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டது. இரண்டு உயிரோடு இல்லை. ஆக, குலப்பெருமை முழுவதும் மூன்றின் தலையில்.

அந்தக் குலப்பெருமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாமின் பெயருக்கு முன்னால் 'மோம் லுவாங்' என்ற பட்டம் உண்டு. தாய்லாந்தில் ராஜ பரம்பரை தலைமுறைக்கு ஒரு படியாக இறங்கும். இளவரசர்களில் கடைசிப் படி 'மோம் சாவ்'. அவருடைய பிள்ளை 'மோம் ராஜவோங்'. அவருடைய பிள்ளை 'மோம் லுவாங்'. அதற்கடுத்த தலைமுறைக்குப் பட்டமே கிடையாது. குடும்பப் பெயரோடு 'ந அயுத்தயா' என்று ஒரு வால் மட்டும் மிஞ்சும். அதாவது பாட்டி கட்டிக் காப்பது, எப்படியும் அடுத்த தலைமுறையில் காலாவதி ஆகப்போகிற கௌரவத்தை. காலாவதி தேதி நெருங்க நெருங்கப் பெரியவர்களுக்குப் பிடிவாதம் ஏறும் என்பதில் உலகத்துப் பாட்டிகள் எல்லாரும் ஒரே கட்சி.

பாட்டி பார்த்து வைத்த மாப்பிள்ளை கிர்க். நல்ல பிள்ளை, தொழிலில் கூட்டாளி. மோனுக்கும் ஒரு பள்ளிக்காலத் தோழன் இருக்கிறான், அவள் மேல் ஆசையோடு. இந்த சீரியல்களில் ஆண்கள் படும் பாடு தனிக் கதை. முன்பெல்லாம் காதலுக்காகப் பெண் அழுதாள். இப்போது மூலையில் ஆண் நிற்கிறான், கையில் பூங்கொத்தோடு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்.

பழைய தாய்லாந்து சீரியல் நாயகர்களை நினைத்தால் அனுதாபம் கொஞ்சம் குறைகிறது. அறைவதும் முத்தமிடுவதும் மாறி மாறி நடக்கும் கதைகளுக்கு அங்கே ஒரு தனி வகையே இருந்தது. 2008இல் சேனல் 3-இல் சக்கைப்போடு போட்ட 'ஜாம் லோய் ராக்' சீரியலில் நாயகன் பழிவாங்குவதற்காக நாயகியைக் கடத்திக்கொண்டு தீவுக்குப் போகிறான். கடத்தியது தப்பான பெண்ணை. அவன் தேடியது அவளுடைய உறவுக்காரியை. அடையாள அட்டைகூடச் சரிபார்க்காத அந்தப் பெருமகன்மேல்தான் நாயகிக்குக் காதல் வருகிறது, நாடே உருகுகிறது. அங்கே நாயகியின் முதல் பிரச்சினை நாயகனே. அவனை எடுத்துவிட்டால்? காதலர்கள் இருவரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள், எதிரில் பாட்டி மட்டும் மிச்சம் இருக்கிறார். எல்லாக் காதல் கதைகளிலும் கடைசித் தடை அவர்தான். முன்னால் நாயகன் நின்று மறைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவே.

சாமோ காதல் விஷயத்தில் பச்சைக் குழந்தை. கம்பெனியை நடத்தத் தெரியும், தன் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று தெரியாது. இந்த அறியாமையை வைத்தே சீரியல் பாதி தூரம் ஓடிவிடுகிறது. தாய்லாந்துக்காரர்களின் பழைய முத்தத்தில் உதட்டுக்கு வேலையும் குறைவு. கன்னத்தில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு, முடிந்தது. பேரனை உச்சி முகர்ந்து கொஞ்சும் தமிழ்ப் பாட்டிகளுக்கு விளக்கமே தேவைப்படாத முறை. பிறகு உதட்டு முத்தமும் வருகிறது, தாராளமாகவே. ஆனால் அதற்குள் பார்வையாளர்களுக்குப் பொறுமை சோதிக்கப்பட்டு, சான்றிதழும் வழங்கப்பட்டுவிடுகிறது.

யூடியூபில் பார்த்தவர்களுக்குச் சோதனை இன்னும் அதிகம். ஒரு எபிசோடை நான்கு துண்டாக்கி ஏற்றினார்கள். இரண்டு முகங்களும் நெருங்கி வரும்போது சரியாக ஒரு துண்டு முடிந்தால், அதை வெட்டியவரைச் சபிக்காமல் அடுத்த துண்டைத் திறப்பது யாராலும் ஆகிற காரியம் இல்லை. அதையும் தாண்டித்தான் பிலிப்பைன்ஸிலிருந்து பிரேசில்வரை ரசிகைகள் சேர்ந்தார்கள்.

2023 பிப்ரவரி 11 அன்று கடைசி எபிசோட். பாட்டி இறங்கி வந்தார். சாமுக்கும் மோனுக்கும் கல்யாணம் நடந்தது. திரையில் நடந்த அந்தக் கல்யாணத்தை அன்றைய தேதியில் தாய்லாந்தின் எந்தப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று சொல்லும் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது அல்ல என்று 2021 நவம்பரில்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சட்டத்தை மாற்றியது சீரியல் அல்ல. பல வருடம் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றவர்கள். 2024 மார்ச் 27 அன்று கீழவையில் ஆதரவு 400, எதிர்ப்பு 10. ஜூன் 18 அன்று மேலவையில் ஆதரவு 130, எதிர்ப்பு 4. சிவில் சட்டத்தில் 'ஆண், பெண்' என்று இருந்த இடங்களில் 'நபர்' வந்து உட்கார்ந்தார். 2025 ஜனவரி 23 அன்று சட்டம் அமலுக்கு வந்தது; அப்படி ஒரு சட்டம் தென்கிழக்கு ஆசியாவிலேயே முதல் தடவை. பாங்காக்கின் சியாம் பாரகன் வணிக வளாகத்தில் திருமணப் பதிவு ஒரு திருவிழாவாகவே நடந்தது. அந்த ஒரு நாளில் நாடு முழுக்க 1,800க்கும் மேற்பட்ட ஜோடிகள் பதிந்தார்கள்.

கீழவைக்குப் பத்துப் பேர் மட்டும் எதிர்த்த வாக்கெடுப்பு போதுமாக இருந்தது. சீரியலில் இருந்தது ஒரே ஒரு எதிர்ப்பு ஓட்டு. அதைச் சரிக்கட்டப் பன்னிரண்டு எபிசோடும் தேவைப்பட்டது.

அதற்குள் மற்றக் கம்பெனிகளும் கணக்குப் போட்டுவிட்டன. 2024 மார்ச்சில் ஜிஎம்எம்டிவி '23.5' என்ற பள்ளிக்கூடக் காதலோடு வந்தது. ஜூனில் சேனல் 3 'த சீக்ரெட் ஆஃப் அஸ்' சீரியலை இறக்கியது: லிங்லிங் குவாங் டாக்டர், ஆர்ம் கோர்ன்னபட் நடிகை, பழைய காதலர்கள் ஆஸ்பத்திரியில் மறுபடி சந்திக்கிறார்கள். நோயாளிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அவர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்கிறார்கள். ஆகஸ்டில் ஃப்ரீனும் பெக்கியும் 'த லாயல் பின்' வழியாக 1950களின் அரண்மனைக்கே போய்விட்டார்கள். மோம் லுவாங் போதவில்லை, இந்த முறை நேராக இளவரசி.

சாமின் வீட்டிலும் ஒரு கதை பாக்கி இருந்தது. முறைத்துக்கொண்டு போன மூத்த அக்கா 'ஒன்று' அவர்களின் காதல், 2024இல் 'பிளாங்க்' என்ற சீரியலாக வந்தது. நாவல் அதே சாவ் ப்ளாநோய். சாமுக்கும் மோனுக்கும் வயது இடைவெளி 8. அக்காவுக்கும் அவருடைய காதலிக்கும் 16. பாட்டி எதை முதலில் ஆட்சேபிப்பது என்று திகைத்திருப்பார்.