பணி நிரந்தரம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: குடிநீர் இணைப்புதாரர் ஒருவர் (வரி பாக்கி இல்லை)

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், எங்கள் நகராட்சி

பொருள்: குடிநீர் வழங்கல் – வீட்டுப் பணியாளர்கள் நால்வர் – பணிவரன்முறை கோருதல் – தொடர்பாக

பார்வை: 1. நேற்றிரவு குழாயில் வந்த காற்று. 2. தங்கள் அலுவலகத் தொலைபேசி (எடுக்கப்படவில்லை).

ஐயா,

குடிநீர் இணைப்புக்கு டெபாசிட் கட்டியபோதே எங்களைத் தாங்கள் சத்தமில்லாமல் வேலைக்கும் சேர்த்துக்கொண்டது போகப்போகத்தான் விளங்கியது. தண்ணீரைப் பிடிப்பது, தேக்குவது, மேலே ஏற்றுவது, சுத்தம் செய்வது, பங்கிடுவது என்று நகராட்சி செய்யவேண்டியவை அத்தனையும் இப்போது எங்கள் வீட்டுக்குள் நடக்கின்றன. சம்பளம் ஒன்றுதான் இன்னும் வரவில்லை. பணியாளர் விவரம் பின்வருமாறு.

என் தாயார், தகவல் பிரிவு. வால்வை மூடியதும் குழாய் காலியாகிக் காற்று புகுந்துவிடுகிறது. மறுபடி திறந்தால் முதலில் வருவது அந்தக் காற்றுதான். அதன் சீறலை வைத்தே பின்னால் தண்ணீர் வருகிறதா, வெறும் ஏமாற்றா என்று படுக்கையிலிருந்தபடியே சொல்லிவிடுவார். எதிர்வீட்டையும் எழுப்பிவிடுவார். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர். வயது வரம்பில் தளர்வு வேண்டும். (மீட்டர் பொருத்தப்போவதாகக் கேள்வி. காற்று போனாலும் மீட்டர் சுற்றும் என்கிறார்கள். காற்றுக்கான கட்டண விகிதத்தை முன்கூட்டியே அறிவித்தால் நல்லது.)

என் மனைவி, ஆய்வகம். நின்றுபோன குழாயில் தண்ணீர் மறுபடி பாயும்போது துருவும் வண்டலும் பெயர்ந்து வரும். அதனால் முதல் வாளி கழிப்பறைக்கு, அடுத்தது செடிக்கு, அதற்கடுத்தது மிதியடி அலச. பிறகு ஒரு சொம்பு பிடித்து டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியானால்தான் சம்ப்புக்குள் விடுவார். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அதை அவர் மூக்கால் அளக்கிறார். பல நாள் அளக்க ஒன்றும் இருப்பதில்லை.

நான் மோட்டார் பிரிவு. சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது மட்டுமே என் வேலை. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் குற்றத்தை நான் செய்வதில்லை. அப்படி உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும் என்று தங்கள் துண்டறிக்கை எச்சரிக்கிறது. உண்மைதான். ஆனால் தண்ணீர் விடாத நேரமெல்லாம் அந்தக் குழாய் காலியாகத்தானே கிடக்கிறது? அப்போதும் அதே விரிசல், அதே சாக்கடை, உள்ளே வர அதே வசதி. எந்நேரமும் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும் குழாயில் கசிவு உள்ளிருந்து வெளியேதான் போகும். இந்த வரி மட்டும் துண்டறிக்கையில் விடுபட்டிருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கும்.

மகன், போக்குவரத்து. கேன் தண்ணீரை மாடிக்குத் தூக்குகிறான். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது அமைச்சர்களே போய் வரவேற்றார்கள். இவனை வரவேற்க வார்டு உறுப்பினர்கூட வந்ததில்லை.

மோட்டாருக்கான மின்கட்டணம், ஆர்.ஓ. இயந்திரத்தின் பராமரிப்பு, சம்ப் கழுவும் கூலி எல்லாம் தங்கள் பட்ஜெட்டில் இல்லை. எங்கள் மளிகைச் சிட்டைக்குக் கீழே இருக்கின்றன. அந்த ஆர்.ஓ. ஒரு குடம் கொடுப்பதற்குள் ஒரு குடத்துக்கு மேல் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. தண்ணீர் வீணாக்காதீர் என்ற தங்கள் பலகை எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

ஒடிசாவின் பூரி நகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 2021 முதல் வீட்டுக் குழாயில் 24 மணி நேரமும் அப்படியே குடிக்கத்தக்க தண்ணீர் வருகிறது. எத்தனை அம்மாக்கள் வேலை பறிபோய் இரவெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறார்களோ! அப்படியொரு ஆட்குறைப்பு இங்கே வந்துவிடாமல் தாங்கள் காத்து வருவதற்கு நன்றி.

நிதி நெருக்கடியால் பணி நிரந்தரம் முடியாதென்றால், ஒருநாள் தற்செயல் விடுப்பாவது வேண்டும். அடுத்த மாதம் வெளியூரில் மைத்துனர் கல்யாணம். நால்வரும் போயாக வேண்டும். அன்று தண்ணீர் விடுவீர்களா, விட்டால் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் யாரைக் காவலுக்கு விட்டுப்போவது என முடிவு செய்யலாம். வால்வு திறப்பவரிடம் கேட்டுப் பார்த்தேன். “மேல இருந்து சொன்னாத்தான் சார் திறப்போம்” என்றார். விசாரித்ததில், மேலே இருப்பது தாங்கள்தான் என்று தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சம்பளமில்லாப் பணியாளர்