ஒரே நாளில் 3 கோடி நோயாளிகள்

2017 நவம்பர் 13. அன்று காலை நல்ல உடம்போடு எழுந்து காபி குடித்த அமெரிக்கர்களில் சுமார் 3 கோடிப் பேர் ராத்திரிக்குள் ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கிருமி ஏதும் பரவவில்லை. அந்நாட்டு இதய மருத்துவ அமைப்புகள் 140/90 என்றிருந்த எல்லையை 130/80-க்கு இறக்கின, அவ்வளவுதான். பெரியவர்களில் 32 சதவீதமாக இருந்த கொதிப்பு 46 ஆயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை வேண்டாம், உப்பைக் குறைத்து நடந்தால் போதும் என்றார்கள். அந்த மட்டில் நியாயஸ்தர்கள். (ஆனாலும் பட்டம் பட்டம்தானே!)

ஐரோப்பிய இதயவியல் சங்கமோ 2018-இல் 140/90-ஐ விட்டு நகர மறுத்தது. அப்போது அங்கே 135/85 என்றால் ‘உயர் இயல்பு’தான். ஆக, நியூயார்க்கில் நோயாளியானவர் விமானம் ஏறிப் பாரிஸில் இறங்கினால் குணம். டிக்கெட் காசை மட்டும் எந்த இன்சூரன்ஸும் தராது.