தற்புகழ்ச்சி தகும் இடங்கள்: லிங்க்ட்இன் இலக்கணம் பற்றி ஒரு முன்னாய்வு

லிங்க்ட்இன் தளத்தை நிறுவியவர்கள் நன்னூல் படித்திருந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. படிக்கவில்லை என்பதற்கும் இல்லை. இந்த இரண்டாவது இன்மையை அடித்தளமாகக் கொண்டே இவ்வாய்வு எழுப்பப்படுகிறது.

2002 டிசம்பரில் ரீட் ஹாஃப்மனும் கூட்டாளிகளும் கலிபோர்னியாவில் அவர் வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, 2003 மே 5 அன்று ஊருக்குத் திறந்துவிட்ட தளம் அது. 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு விலைபேசி வாங்கியது. அந்தத் தளத்தின் அடிப்படைச் சட்டங்களைச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்காகப் பவணந்தி முனிவர் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நன்னூலில் எழுதிவைத்துவிட்டார். காப்புரிமை கோரவில்லை.

நன்னூல் பாயிரம் சொல்வது இது: எத்தனை அரிய நூலைச் செய்து முடித்திருந்தாலும் ஒருவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது. இத்தோடு நின்றிருந்தால் லிங்க்ட்இன் தோன்றியிருக்காது. ஆனால் முனிவர் உலகம் தெரிந்தவர். அடுத்த மூச்சிலேயே நான்கு இடங்களில் புலவனுக்கு விலக்கு அளிக்கிறார். அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது புகழ்ந்துகொள்ளலாம். தன் திறமையை அறியாதவர் நடுவே புகழ்ந்துகொள்ளலாம். அவையில் வாதாடி வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது, அப்போதும் தவறில்லை.

முதல் விலக்கு வேலை விண்ணப்பம் என்பது வெளிப்படை. மூன்றாவதற்கு ஜாவா பெரிதா பைத்தான் பெரிதா என்று பின்னூட்டத்தில் விடிய விடிய நடக்கும் போரைச் சான்று காட்டி நகரலாம். இரண்டாவதுதான் வில்லங்கம். நம் ஆற்றலை அறியாதவர் நடுவே என்றால், அந்தத் தளம் முழுக்க அவர்கள்தானே? ஆக விலக்கு விதியை விழுங்கிவிட்டது. வருடத்தில் ஒருநாள் திறக்கும் சொர்க்கவாசலை நம்மவர்கள் பெயர்த்தெடுத்துப் பொது வழியாக்கிவிட்டார்கள்.

நான்காம் விலக்கில்தான் இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு இருக்கிறது. பதவி உயர்வையோ புது வேலையையோ அறிவிக்கும் பதிவுகளைப் பொறுமையாக வாசித்தால், பலவற்றில் பெயரில்லாத ஒருவர் தட்டுப்படுவார். "உன்னால முடியாதுன்னு சொன்னாங்க" என்ற வரியில் வசிப்பவர் அவர். கோயம்புத்தூர்ப் பொறியாளரையும் பழித்திருக்கிறார், பெங்களூர் மேலாளரையும் பழித்திருக்கிறார். சொன்ன தேதி இல்லை, சொன்ன இடம் இல்லை. இத்தனை பேரை ஒரே சொற்களால் ஒருவர் ஏன் பழிக்க வேண்டும்? இலக்கணம்தான் காரணம் என்க. பழித்தவர் ஒருவர் இருந்தால்தான் தற்புகழ்ச்சி செல்லுபடியாகும். இல்லாத இடத்தில் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

இந்த நான்கிலும் கால் வைக்கக் கூசும் பண்பாளருக்கு நன்னூலில் வேறு வழி உண்டு. சிறப்புப்பாயிரம். நூலாசிரியன் தன் வாயால் சொல்ல வேண்டாம். அவனுடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர் சொல்லலாம். இந்த நால்வருக்கும் தளத்தில் இடமுண்டு. ஆசிரியர் என்பார் பழைய மேலாளர். ராஜினாமா கொடுத்த பிறகுதான் வாய் திறப்பார். மாணவர் என்பார் இன்டர்ன். சான்றிதழ் கைக்கு வரும்வரை தாராளமாகப் புகழ்வார். உரைகாரர் நாம் செய்யாததையும் சேர்த்து விரித்துரைப்பவர், ஆகையால் கிடைத்தற்கரியவர். எஞ்சும் சுமை முழுவதையும் கூடப் படித்தவரே தாங்குகிறார். 2012இல் பாயிரத்தையும் சுருக்கி, ஒரு திறமையின் பெயரைத் தொட்டாலே பாராட்டியதாகக் கொள்ளும் வசதி வந்தது. அன்றிலிருந்து "எனக்கு எக்செல்லுக்குப் போடுடா, உனக்கு லீடர்ஷிப்புக்குப் போடறேன்" என்ற பண்டமாற்று விடுதி அறைகளில் நடந்துவருகிறது. எக்செல்லில் கூட்டல் போடத் தெரியாதவருக்கும் பாயிரம் கிடைத்துவிடுகிறது.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியை மெய்க்கீர்த்தியோடு ஒப்பிடாமல் இவ்வாய்வு முழுமை பெறாது. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைச் செய்யுளாக வரிசைப்படுத்தும் வழக்கத்தை நிலைநிறுத்தியவன் முதலாம் ராஜராஜன். புதுநாடு பிடிக்கப் பிடிக்க மெய்க்கீர்த்தியும் நீளும். எந்த வெற்றிவரை சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கல்வெட்டின் காலத்தை மதிப்பிடுவார்கள். சோழனுக்குக் கற்சுவர் இருந்தது. நமக்கு 220 எழுத்துகள். அதற்குள் இப்போதைய பதவியும், 'எக்ஸ்' என்ற ஒட்டோடு முன்பு ஆண்ட நிறுவனங்களும், இரண்டு சான்றிதழும், நடுநடுவே செங்குத்துக் கோடுகளும், இறுதியில் ஒரு ராக்கெட்டும் வந்தாக வேண்டும். தோற்ற போரை மெய்க்கீர்த்தியில் எழுதுவதில்லை; இங்கேயும் அப்படியே. ஒரு வேறுபாட்டை மட்டும் குறிக்க வேண்டும். 'ஆஸ்பயரிங் டேட்டா சயின்டிஸ்ட்' என்று எழுதுவது, இனிமேல் பிடிக்கப்போகும் நாட்டை இன்றே மெய்க்கீர்த்தியில் சேர்ப்பது. இதற்குச் சோழரிடம் முன்மாதிரி கிடையாது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் சுயவிவரம் தொடங்கியாக வேண்டும் என்று கல்லூரி பிளேஸ்மென்ட் பிரிவு கட்டளையிடும்போது, எந்த நாட்டையும் பிடிக்காத இளவரசன் வேறென்னதான் எழுதுவான்?

மெய்க்கீர்த்தி முடிந்ததும் அவையடக்கம். கம்பர் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் பார்க்கும் பூனை என்று சொல்லிக்கொண்டார்; சொல்லிவிட்டுப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினார். 'ஹம்பிள்ட்' என்று தொடங்கும் பதிவுகள் இம்மரபில் வந்தவை. விருது வாங்கியவர் அடங்குகிறார், மேடையேறியவர் அடங்குகிறார், பணிவைப் பற்றிச் சிறப்புரையாற்ற அழைக்கப்பட்டவரும் அடங்குகிறார். கம்பரின் அடக்கத்துக்குப் பின்னால் காப்பியம் இருந்தது. இங்கே பெரும்பாலும் மேடையில் பொன்னாடையுடன் எடுத்த புகைப்படம் இருக்கிறது.

யாப்பைப் பொறுத்தவரை, அடிக்கு ஒரு வாக்கியம், அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு வெற்று வரி. முதல் இரண்டு மூன்று அடிக்கு மேல் தளம் மடித்துவைத்துவிடும் என்பதால், மடிப்புக்கு முன் ஓர் அதிர்ச்சி வந்தாக வேண்டும்: "நேற்று என் வேலையை இழந்தேன்." பதறிப்போய் விரித்தால், அவருடைய கனவில் நடந்தது என்று இருக்கும்.

இந்தியப் பகுதிக்கே உரிய மந்திரம் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். யாராவது வேலை கேட்டுப் பதிவிட்டால், கீழே வரிசையாக 'சி.எஃப்.பி.ஆர்.' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பின்னூட்டம் கூடினால் பதிவு மேலும் பலர் கண்ணில் படும் என்ற நம்பிக்கையில், அதற்காகவே பின்னூட்டமிடுகிறேன் என்பதன் சுருக்கம். எழுதுபவரிடம் வேலை இல்லை, வேலை கொடுக்கும் நண்பரும் இல்லை. ஆயினும் கடந்துபோக மனம் வரவில்லை. கோயில் வாசலில் சில்லறை இல்லாதவர் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறாரே, அந்த ஈரம் அதில் இருக்கிறது. கேலி செய்யவே தொடங்கிய இவ்வாய்வாளரால் இந்த நான்கெழுத்தைக் கேலி செய்ய முடியவில்லை.

தொடர்புகளுக்கு வருவோம். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் நேரில் பார்க்காமலே நட்புக் கொண்டவர்கள். சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது, புலவர் வருவார் என்று அவருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான்; அவரும் வந்தார். லிங்க்ட்இனில் இப்படிப்பட்ட நட்பை 30,000 பேர்வரை வைத்துக்கொள்ளலாம், ஐந்நூறைத் தாண்டினால் பக்கத்தில் '500+' என்று மட்டும் காட்டும். வேகத்திலும் முன்னேற்றம் உண்டு. பிசிராந்தையார் கடைசி நாளில்தான் வந்தார். இங்கே அழைப்பை ஏற்ற மறுநொடியே நண்பர் உள்பெட்டிக்கு வந்து, "டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துட்டீங்களா சார்?" என்கிறார். இறப்பைப் பற்றிய அக்கறை அவரிடமும் இருக்கிறது.

நெருங்கியவரைவிட அரைகுறையாகத் தெரிந்தவரால்தான் வேலை கிடைக்கிறது என்று மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதி, அதன்பின் புகழ்பெற்றார். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், புதுச்செய்தி தூரத்திலிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு இதைப் பற்றியதே. பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட ஏழைக் கலைஞனிடம், யாரிடம் போக வேண்டும், எந்த வழியில் போக வேண்டும், வழியில் எந்த ஊரில் என்ன சோறு போடுவார்கள் என்பதுவரை சொல்லி அனுப்புகிறான். ஒன்றில் மட்டும் முருகனிடம் அனுப்புகிறார்கள். ஆற்றுப்படுத்தியவனுக்குத் தரகு கிடைத்ததாகப் பாட்டில் இல்லை. இன்று ரெஃபரலுக்குப் பல நிறுவனங்கள் பணம் தருகின்றன. பாட்டு "ரெஸ்யூமை டிஎம் பண்ணுங்க" என்ற ஓரடியாகக் குறுகிவிட்டது.

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிட்டார்கள். இதை எப்போது சொல்கிறான்? ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வரும்போது. தளத்திலும் எத்தனை நேர்காணலில் நிராகரிக்கப்பட்டார் என்ற கணக்கைப் பெரும்பாலோர் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே வெளியிடுகிறார்கள். உப்பில்லாக் கீரை தின்னும் காலத்தில் பதிவு வராது.

இதற்கு மாறாக, 2020இல் முகப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. வேலை தேடுகிறேன் என்று ஊரறியச் சொல்வது அது. சாத்திய கதவைத் திறந்துபோட்டுச் சாப்பிடுவது. துணிந்தவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். நாணுபவர்களுக்காக, வளையம் வெளியே தெரியாமல் ஆள்சேர்ப்பவர்களுக்கு மட்டும் செய்தியைக் காட்டும் தெரிவும் வைத்திருக்கிறார்கள். இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம், முழு உத்தரவாதம் தர இயலாது என்கிறது தளம். பாணன் வீட்டுக் கதவுக்கு இப்படியொரு பொறுப்புத்துறப்பை நத்தத்தனார் எழுதவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலும் சேர்க்கவில்லை.