ஏலக் கணக்கப்பிள்ளை

மீரியபெத்த பக்கம் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் ஒரு கோயில் இருக்கும், ஒரு பிள்ளைக்காம்பரா இருக்கும், ஃபோனுக்கு சிக்னல் எடுக்கும் ஒரு கல் இருக்கும். அந்தக் கல்லில் ஒரு சீஎஸ்கே மாமா குந்தியிருப்பார்.

மாமா மட்டை பிடித்தவர் இல்லை. மெச்சைக்கூட முழுசாகப் பார்க்கமாட்டார். "மெச்செல்லாம் பொடியனுங்க பாக்குறது தம்பி. நான் பாக்குறது ஆள் கணக்கு" என்பார். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று ஐ.பி.எல். முதலாளிமார் மண்டையைப் போட்டு உடைக்கும் நவம்பர் மாதம்தான் அவருக்குத் தீபாவளி. மடியில் ஒரு சி.ஆர். கொப்பி. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோல் போலவே கோடு கிழித்து, முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர் என்கிற மாதிரி, வீரர்களுக்கும் முழுப்பேர், அரைப்பேர் போட்டிருப்பார். டோனிக்கு மட்டும் எப்போதும் முழுப்பேர். 44 வயதாகிவிட்டதே என்று யாராவது இழுத்தால், "பழைய தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவாங்க, வேரோட புடுங்குவாங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய சென்னைப் பாசத்துக்குத் தொடக்கம் முரளி. கண்டிக்காரர், தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன், 2008இல் மஞ்சள் சட்டை போட்டார். அதோடு மாமாவும் போட்டுக்கொண்டார். 2011 ஏலத்தில் முரளி கொச்சிக்குப் போனார். அதே கொச்சியில் அந்த வருடம் ஆடிய ஜடேஜா 2012இல் சென்னைக்கு வந்தார். இரண்டுமே ஏலத்தில் நடந்தவை, ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மாமாவின் கொப்பியில் அது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்.

அதனால்தான் 2025 நவம்பர் 15, சனிக்கிழமை, அவரால் தாங்க முடியவில்லை. பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் அது. காலையிலேயே செய்தி வந்துவிட்டது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது சென்னை. சாம்சனுக்கு அதே 18 கோடி. ஜடேஜாவுக்கு 18இலிருந்து 14.

"அரப்பேரு போட்டுட்டானுக" என்றார் மாமா. நாலு கோடி குறைந்தால் அரைப்பேர் ஆகாது, முக்கால் பேருக்கும் மேலே வரும். சொல்லத்தான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டேன். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவருக்கு இதுதானா மரியாதை என்று, கொஸ்லந்தை பஸ்ஸுக்கு நின்ற சனத்திடம் ஒவ்வொருவராக நியாயம் கேட்டார்.

நியாயம் கொடுத்தது மாமிதான். அந்த மாதம் 7ஆம் திகதி வாசித்த பட்ஜட்டில், 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வரவுக்கென்று அரசாங்கம் 200 சேர்த்து, 1,750 தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கூடையை இறக்கி வைத்த மாமி, "அவனுக்கு 18 கோடி, எனக்கு 18 கிலோ. ஒரு கிலோ கொறைஞ்சா எனக்கும் அரப்பேருதான். அதுக்கு எவன் கல்லுல குந்தி அழுதான்?" என்றார். மாமா கொப்பியில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

அன்று இரவு தேத்தண்ணி குடிக்கும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், இப்படி ஆளை ஆளுக்கு மாற்றுவது எந்த ஊர் நியாயம் மாமா என்று கேட்டுவிட்டேன்.

"நம்ம ஊர் நியாயந்தான் தம்பி. 1964 ஒக்டோபர் 30, சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க. நம்ம சனம் மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரு. இந்தியாவுக்கு ரிலீஸ் 5 லட்சத்து 25 ஆயிரம். இங்க ரிட்டென்ஷன் 3 லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சம் அன்சோல்ட், பொறகு பாத்துக்கலாம்னு வச்சாங்க. பத்து வருசங்கழிச்சு இந்திரா அம்மா வந்து பாதிக்குப் பாதி பிரிச்சாங்க." ஒரு மடக்குக் குடித்தார். "ஜடேஜா சம்மதிக்காம அவர மாத்த ஏலாது, அதுதான் அங்க சட்டம். எங்க தாத்தாகிட்ட எவனும் வாயத் தொறந்து கேக்கல. ரெண்டு அக்காமாரும் தலைமன்னார்ல கப்பல் ஏறினது அந்த லிஸ்டுலதான்."

அவர் கொப்பியும் கையுமாக ஏன் திரிகிறார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அதற்குள் மாமா சாம் கரனுக்கு வந்துவிட்டார். 2 கோடி 40 லட்சத்துக்கு அந்தப் பொடியனைக் கொசுறாகப் போட்டது மகா மோசடியாம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளையைப் புரட்டிப் போட்டது. 2014இல் மலை இறங்கிவந்து லயத்தை மூடியதைப் பார்த்த ஊர் இது. மழை வலுத்தால் யாரும் தூங்குவதில்லை. கல்லில் சிக்னல் இல்லை. கொப்பியில் அந்த நாட்களுக்கான பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. மாமா சனத்தோடு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார். யார் வந்தார்கள், யார் இன்னும் வரவில்லை என்று வேறொரு தாளில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். அதில் அரைப்பேர் இல்லை.

டிசம்பர் 16, அபுதாபி ஏலத்துக்குள் கல் மறுபடி வேலைசெய்யத் தொடங்கியிருந்தது. சென்னை 13 கோடிக்கு வைத்திருந்து கழற்றிவிட்ட நம்ம பத்திரனவை, கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்கியது. அதே நாளில் சென்னை, இருபது வயது பிரஷாந்த் வீருக்கும் பத்தொன்பது வயது கார்த்திக் சர்மாவுக்கும் ஆளுக்கு 14 கோடியே 20 லட்சத்தைக் கொட்டியது. இரண்டு பேரும் அதுவரை இந்திய அணிக்கு ஆடாதவர்கள்.

"நாற்றுமேடையில இருந்து புடுங்கிட்டு வந்துருக்கானுக. கொழுந்து எடுக்க மூணு வருசமாவது ஆகும்" என்று தீர்ப்பு எழுதினார் மாமா. இனிமேல் நான் சென்னை இல்லை என்றும் கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். சட்டையை மாமி காயப்போட்டிருந்தார்; மஞ்சள்தான்.

போன வாரம் சங்கத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். மாமா இப்போது இருக்கிற சங்கத்தை விட்டுவிட்டுத் தங்கள் சங்கத்துக்கு வரவேண்டுமாம். கையோடு சந்தாப் படிவமும் கொண்டுவந்திருந்தார். மாமா அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் வாசித்தார்.

"வாறேன். ஆனா சும்மா வரமாட்டேன். எனக்குப் பதிலா அங்கயிருந்து ரெண்டு பேர எங்க சங்கத்துக்கு அனுப்புங்க."

வந்தவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"ஒருத்தர் தலைவரா இருக்கணும்" என்றார்.