வான்கோழிக்கு ஆரணிக் கஞ்சி

மினியாபொலிஸ்,
நவம்பர் மாசக் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அங்க நீங்க, சித்தி, தறி மூணு பேரும் சௌக்கியமா? வாட்ஸ்அப்ல அனுப்பினா பேரன் படிச்சுக் காட்டும்போது பாதியை முழுங்கிடறான்னு குறைப்பட்டீங்களே, அதனால காகிதத்துலயே எழுதறேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உக்காருங்க. கொஞ்சம் நீளமான சமாச்சாரம்.

போன தடவை பேசினப்போ கேட்டீங்க, "அந்த ஊர்ல நல்ல நாள் பெரிய நாள்னா உங்களை யாராவது கூப்பிடுவாங்களா? போனா கை நனைப்பீங்களா?"ன்னு. கூப்பிடறாங்க சித்தப்பா. கை நனைக்கிறதென்ன, இந்த வருஷம் கரண்டியையே எங்க கையில குடுத்துட்டாங்க.

நவம்பர் நாலாவது வியாழக்கிழமை இங்க நன்றி சொல்ற நாள். உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்தப்பவே, 1863-ல, தேசம் முழுக்க ஒரே நாள்ல கொண்டாடணும்னு லிங்கன் அறிவிச்சார். நாலாவது வியாழன்னு சட்டமா எழுதினது 1941-ல. பஞ்சாங்கம், அஷ்டமி, நவமி, ராகுகாலம் ஒண்ணும் கிடையாது. அங்க நீங்க அண்ணாமலையார் தீபத்துக்கு அகல் விளக்கைத் தேடி எடுக்கிற சமயத்துல, இங்க வீட்டுக்கு வீடு ஒரு வான்கோழி அடுப்புக்குள்ள போகுது. அமெரிக்காவுலயே அதிகமா வான்கோழி வளர்க்கிற மாநிலம் நாங்க இருக்கிற மினசோட்டாதான். அதனால இந்த ஊர்க்காரங்க வேண்டாம்னு சொல்லவும் முடியாது.

ஏழெட்டுக் கிலோ பறவையை முழுசா உள்ள வச்சு மணிக்கணக்கா வேகவிடறாங்க. உள்ள 74 டிகிரி சூடு ஏறினாத்தான் வெந்ததுன்னு கணக்கு, அதுக்கு ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டரைக் குத்திப் பாக்கறாங்க. தொடைக்கறி அந்த நிலைக்கு வர்றதுக்குள்ள நெஞ்சுக்கறி வறண்டுடும். தொண்டையில இறங்கணும்னா மேல ஏதாவது ஊத்தியாகணும். அப்படி ஊத்துறதுக்குப் பேர்தான் கிரேவி. நம்ம ஆரணி பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல பரோட்டாவுக்கு ஊத்துற கிரேவின்னு நினைச்சுடாதீங்க. மிளகாய் இல்ல, மல்லி இல்ல, சோம்பு இல்ல. பறவைக்குக் கீழ தட்டுல வடிஞ்ச கொழுப்பு, வெண்ணெய், கோதுமை மாவு, கொஞ்சம் சாறு, சில வீட்டுல பால். அவ்வளவுதான்.

இதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. எங்களைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டம்மா ரிட்டையரான டீச்சர். அவங்களுக்குக் கோதுமை ஆகாது. அவங்க பேரனுக்குப் பால் ஆகாது. வெண்ணெய், தயிர், சீஸ் எதுவும் கிட்டவே வரக்கூடாது. கோதுமையும் பாலும் இல்லாம கிரேவி வைக்கணும். அதுவும் எந்த ஊர்ல? இந்த மினியாபொலிஸ் ஒரு காலத்துல உலகத்துக்கே மாவு அரைச்சுக் குடுத்த ஊரு. மிசிசிப்பி ஆத்து அருவித் தண்ணியில சக்கரம் சுத்தி மில்லு ஓட்டியிருக்காங்க. 1878 மே 2-ம் தேதி ஒரு பெரிய மில்லுல காத்துல மிதந்த மாவுத் தூசியே தீப்பிடிச்சு வெடிச்சு 18 பேர் செத்துப் போனாங்க. அப்புறமும் விடல, திரும்பக் கட்டி அரைச்சாங்க. அந்த மில்லு நின்ன இடத்துல இடிஞ்ச சுவரோட இப்போ மியூசியம் இருக்கு, நீங்க வந்தா கூட்டிட்டுப் போறேன். வெண்ணெய்க்கும் குறைச்சல் இல்ல. பால் பண்ணைக்காரங்க எல்லாம் 1921-ல சேர்ந்து ஆரம்பிச்ச லேண்ட் ஓ லேக்ஸ் கூட்டுறவு இந்த ஊர்ப் பக்கம்தான். மாவும் வெண்ணெயும் கொழிச்ச ஊர்ல, ரெண்டும் இல்லாம ஒரு குழம்பு வைக்க ஆரணியில இருந்து ஆள் தேவைப்பட்டிருக்கு பாருங்க.

அந்தம்மாவுக்கு இருக்கிறது சீலியாக் நோய். நூறு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும்ங்கறாங்க. கோதுமை, பார்லி, ரை இந்த மூணுலயும் இருக்கிற குளூட்டன்ங்கிற பிசின் குடலுக்குள்ள போனா, உடம்பு தன் குடலையே எதிரின்னு நினைச்சு அடிக்குமாம். இதைக் கண்டுபிடிச்ச கதை கேட்டா உங்களுக்குப் பிடிக்கும். நெதர்லாந்துல டிக்கேன்னு ஒரு குழந்தை மருத்துவர். ரொட்டிமேலதான் அவருக்கு முன்னாடியே சந்தேகம். 1944-45 குளிர்காலத்துல அந்த நாட்டுல யுத்தப் பஞ்சம், ரொட்டியே கிடைக்கல. ஊரே பட்டினியில வாடினப்போ இந்த நோய் இருந்த குழந்தைங்க மட்டும் தேறினாங்க. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்துச்சு. 1950-ல அதையே ஆராய்ச்சியா எழுதிட்டார். அதனால இது நிஜ நோய், நாகரிகம் இல்ல. நாகரிகத்துக்காகக் கோதுமையை விட்டவங்களும் இங்க இருக்காங்க, அது வேற. கடையில தண்ணி பாட்டில் மேலகூட 'குளூட்டன் இல்லை'ன்னு எழுதியிருக்கறதைப் பாத்தேன்.

எங்களை எதுக்குப் பிடிச்சாங்கன்னா, ஒரு நாள் உங்க மருமக வத்தக்குழம்பு குடுத்தா. அந்தம்மா அதைச் சாதத்துல ஊத்திக்கிட்டு, இது கெட்டியாக என்ன மாவு போட்டீங்கன்னு கேட்டாங்க. மாவே போடல, புளி சுண்டினதுன்னா இவ. அந்தம்மா கண்ணுல ஒரு வெளிச்சம். அன்னிக்கே கிரேவி மந்திரி பதவி எங்களுக்கு வந்துடுச்சு. பதவி வந்தா கூடவே விசாரணையும் வரணுமே, வந்துச்சு.

முதல்ல சல்லடை. அரிசி மாவு சலிக்க எடுத்த சல்லடையில முன்னாடி கோதுமை மாவு சலிச்சீங்களான்னு கேட்டாங்க. சலிச்சிருக்கோம். அப்போ அது ஆகாது, ஓட்டைக்குள்ள ஒட்டியிருக்கும். 2013-ல இங்க அரசாங்கம் போட்ட விதிப்படி, பத்து லட்சத்துல 20 பங்குக்குக் குறைவா இருந்தாத்தான் டப்பா மேல குளூட்டன் இல்லைன்னு எழுதலாம். கரண்டி தனி, பலகை தனி, துடைக்கிற துணிகூடத் தனி. நம்ம பாட்டி மடியா சமைச்ச காலத்துல கொடியில துணி தொட்டா தீட்டுன்னு கத்துவாங்களே, அதேதான். பாட்டி இருந்திருந்தா இந்த அம்மாவோட நல்லா ஒத்துப்போயிருப்பாங்க. புதுச் சல்லடை வாங்கினோம்.

அடுத்தது பெருங்காயம். கிரேவிக்கு அது தேவையே இல்ல. ஆனா உங்க மருமக எதுக்கும் ஒரு சிட்டிகைன்னு டப்பாவை எடுத்து வச்சா. திருப்பிப் பாத்தா அதுல கோதுமை மாவு! சுத்தப் பெருங்காயத்தோட காரம் தாங்க முடியாதுன்னு கோந்தும் மாவும் கலந்து விக்கறதுதான் இந்தக் கூட்டுப் பெருங்காயம். இத்தனை வருஷமா நம்ம சாம்பார், ரசம், மோர் எல்லாத்துலயும் கோதுமை கலந்திருக்கு. நமக்கென்ன, ஆகும். ஆனா இட்லி, சாம்பார்னா எல்லாருக்கும் ஆகும்னு நாம வெள்ளைக்காரங்களுக்குச் சொல்லிட்டுத் திரியறோமே! சாம்பாரைவிட இட்லிதான் யோக்கியம்.

நெய்யும் போச்சு. "நெய் எப்படிப் பால் ஆகும்?"னு இவ கேட்டா. நமக்கு நெய்ங்கிறது பாலோட சொந்தம் முறிஞ்சு தனிக்குடித்தனம் போன ஒண்ணு. ஆனா அந்தப் பையனுக்கு அலர்ஜி. நெய்யில துளிப் பால் சத்து நின்னாலும் உதடு வீங்கிடும். நெய்யை உள்ள வச்சுப் பூட்டினோம்.

அரிசி மாவையாவது கடையில வாங்கலாம்னா, பாக்கெட்டுல சின்ன எழுத்துல 'கோதுமை அரைக்கும் அதே இடத்தில் அரைத்தது'ன்னு இருந்துச்சு. கிளம்பும்போது சித்தி பத்துக் கிலோ அரிசி கட்டிக் குடுக்கறேன்னு நின்னாங்க, நான் வேணாம்னதும் கோவிச்சுக்கிட்டாங்களே, அதுக்குக் காரணம் இருக்கு. கப்ரா வண்டு வந்துடும்னு பயந்து, இந்தியாவுல இருந்து பெட்டியில அரிசி கொண்டு வரக்கூடாதுன்னு இங்க தடை வச்சிருக்காங்க. ஆரணி அரிசின்னா தமிழ்நாடு பூரா மதிப்பு, ஏர்போர்ட்டுல மதிப்பில்ல. அதனால இந்தியக் கடையில பச்சரிசி வாங்கி, கழுவி, துணியில ஆறவிட்டு, மிக்ஸியில அரைச்சு, புதுச் சல்லடையில சலிச்சோம்.

அந்தம்மா போன வருஷம் சோள மாவைக் கரைச்சு ஊத்தினாங்களாம். பளபளன்னு கண்ணாடியா வந்துச்சாம், மறுபடி சூடு பண்ணினதும் தண்ணியா ஓடிடுச்சாம். அரிசி மாவு பளபளக்காது, மங்கலாத்தான் இருக்கும், ஆனா கொழுப்புல வறுத்தா நின்னு பேசும். வான்கோழி வயித்துக்குள்ள ரொட்டியை அடைக்கிற வழக்கத்தையும் நிறுத்தியாச்சு. ரொட்டி அடைச்ச பறவையில வடியற சாறுலயும் கோதுமை இறங்கிடுமே. பதிலுக்கு இந்த ஊர் ஏரியில தானா விளையற காட்டரிசி. ஓஜிப்வே பழங்குடிங்க படகுல போய்க் கம்பால தட்டிச் சேகரிக்கிற கறுப்பு அரிசி. நம்ம நெல்லுக்கு நேர் உறவு இல்ல, தூரத்துச் சொந்தம். கோதுமை மட்டும் துளி கிடையாது.

இனி செய்முறை. சித்திகிட்டயும் படிச்சுக் காட்டுங்க. பறவையோட கழுத்து, ஈரல் எல்லாம் உள்ளயே ஒரு பையில போட்டு விக்கறாங்க. ஈரலை ஒதுக்கிட்டு மத்ததை வெங்காயம், கேரட், மிளகோட கொதிக்கவிட்டா ஆறு கப் சாறு. நிறத்துக்கு வழக்கமா சோயா சாஸ் ஊத்துவாங்க, அதுலயும் கோதுமை. அதனால வெங்காயத்தையும் காளானையும் எண்ணெயில கருக்காம சிவக்க வதக்கிக்கிட்டோம். தட்டுல வடிஞ்ச கொழுப்பு ஒரு கப் சாறுக்கு ரெண்டு பெரிய ஸ்பூன், அரிசி மாவும் ரெண்டு ஸ்பூன். சின்னத் தீயில மாவு லேசா நிறம் மாறி வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, சாறைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிண்டினோம்.

அடுப்பைச் சுத்தி அந்த வீட்டு ஜனம் முழுக்க நிக்குது. பதம் எப்போன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் கைபேசியில நிமிஷம் எண்ணறார். எனக்கு நீங்கதான் ஞாபகம் வந்தீங்க. விடியக்காலையில தெருவுல பட்டு நூல் பாவை நீட்டிக் கஞ்சி போடறதுக்கு முன்னாடி, கஞ்சியை ரெண்டு விரலுக்கு நடுவுல எடுத்து இழுத்துப் பாப்பீங்களே. கெட்டியா இருந்தா இழையோட இழை ஒட்டிக்கும், தண்ணியா இருந்தா தறியில ஏறினதும் இழை அறுந்துடும். நானும் சாறை ரெண்டு விரல்ல எடுத்தேன். பிரிக்கும்போது ஒரு நொடி தயங்கிச்சு. "போதும், இறக்குங்க"ன்னேன். கரண்டியோட முதுகுல விரலால கோடு போட்டா அந்தக் கோடு மூடாம நின்னுச்சு. கடைசியா உப்பு, மிளகுத்தூள், ரெண்டு சொட்டு எலுமிச்சை.

அந்தம்மாவோட அண்ணன் ஒருத்தர் மாவு மில்லுல வேலை பாத்து ரிட்டையரானவர். கோதுமை மாவு போடாத கிரேவி கிரேவியே இல்லன்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருந்தார். தட்டைத் துடைச்சுச் சாப்பிட்டுட்டு, எந்தக் கம்பெனி மாவுன்னு கேட்டார். அரிசி மாவுன்னேன். முகத்தைப் பாக்கணுமே! அந்தம்மா ஒரு வார்த்தை விசாரிக்காம ஊத்திக்கிட்டாங்க. ஒவ்வொரு பண்டிகையிலயும் அவங்களுக்குன்னு தனிக் கிண்ணம் மூலையில இருக்குமாம், இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே கிண்ணம். பையன் உருளைக்கிழங்குக்கு ஊத்தி, கறிக்கு ஊத்தி, பட்டாணிக்கும் ஊத்திக்கிட்டான்.

பதம் எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. பட்டு நெய்யற வீடு, பாவுக்குக் கஞ்சின்னு விளக்கினேன். எல்லாரும் உங்க மருமக கட்டியிருந்த சேலையைத் திரும்பிப் பாத்தாங்க. கல்யாணத்துக்கு நீங்க நெய்து குடுத்த அரக்குச் சேலை, பச்சைக் கரை. வெளிய பனி கொட்டுது, அவ பிடிவாதமா அதைத்தான் கட்டிக்கிட்டு வந்தா. அந்தம்மா முந்தியைத் தடவிப் பாத்து, "அப்போ இதுலயும் கோதுமை இல்ல"ன்னாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அந்தக் கைதட்டல்ல உற்சாகமாகித்தான் பையன் கிரேவிக் கிண்ணத்தை எழுந்து நின்னு நீட்டினான்.

முந்தியில, ஜரிகையை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மிச்சமிருந்த அரிசி மாவையே மேல தூவி ராத்திரி முழுக்க வச்சோம். கொழுப்பைப் பாதி இழுத்துடுச்சு, பாதி அப்படியே நிக்குது. டிரை கிளீனிங் கடைக்காரர் ஜரிகையைப் பாத்துட்டுக் கை வைக்க மாட்டேன்னுட்டார். தண்ணி காட்டலாமா, சோப்பு போடலாமா, சாயம் இறங்குமான்னு நெய்தவர் நீங்கதான் சொல்லணும். கிறிஸ்துமஸுக்கும் கிரேவி எங்க பொறுப்புன்னு முடிவாகியிருக்கு. அன்னிக்கு ஜீன்ஸ்தான் போடுவேன்னு உங்க மருமக இப்பவே சொல்லிட்டா.

இப்படிக்கு,
உங்க பெரிய அண்ணன் மகன்

பி.கு.: பெருங்காய விஷயத்தைச் சித்திகிட்ட மெதுவா சொல்லுங்க. சாப்பிட்டு முடிச்ச அப்புறம் சொன்னா நல்லது.