நிழல் மாமா

வெளியூர் உறவுகள் சென்னை பார்க்க வந்து இறங்குவது சரியாக அக்னி நட்சத்திரத்தில்தான். அவர்களை அழைத்துக்கொண்டு கிளம்புகிறவர்தான் நிழல் மாமா. சென்னையில் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார்.

புறப்படும்போதே ஆரம்பித்துவிடும். "காலைல பீச் ரயில்ல வலப்பக்கம் உக்காராதே. மூஞ்சி கருகிடும்."

எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன்னே ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைப்பார். கலை ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் கூடத்தில் ஏசி உண்டு. "அர்த்தநாரீஸ்வரரை இன்னொரு தரம் பாத்துட்டு வாங்களேன், என்ன அவசரம்?" வாசலில் இருக்கும் பீரங்கிகளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், "அது வெயில்ல கிடக்கு" என்பதோடு அவற்றின் சரித்திரம் முடிந்தது.

சரித்திரம் பேச அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது: கடற்கரைச் சாலை ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டியது, அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து இங்கேதான் அடுக்கினார்கள் என்று சொல்லும்போதே அவருக்கு உடம்பு சிலிர்க்கும். "1897-ல விவேகானந்தர் ஒம்பது நாள் தங்கினார். சும்மாவா?" அது பிப்ரவரி மாதம் மாமா, ஐஸ் வியாபாரமும் அதற்குள் படுத்துவிட்டது என்றால் காதில் விழாது.

கபாலீசுவரர் கோயிலில் கல்தரை சுட்டதும் பிரதட்சிணம் பாதியில் திரும்பி, ரோஸ்மில்க் கடையில் நிறைவுபெறும். அடுத்து தி. நகர் நகைக்கடை. "வாங்க வேணாம், விசாரிச்சா போதும்." பத்துச் சவரன் ஆரத்தை எடுக்கச் சொல்லி, சேதாரம் எவ்வளவு என்று கேட்டு, ஏசிக்கு நேர் கீழே சாய்ந்துகொள்வார். கடைக்காரர் தரும் குளிர்பானத்தையும் மறுக்கமாட்டார். அத்தைதான் பாவம், ஒவ்வொரு கோடையிலும் நம்பிவிடுகிறாள்.

இத்தனைக்கும் நடுவே பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "கடல்காத்து உள்ள வந்துடுச்சா?" என்று வானத்தைப் பார்ப்பார். மேலைக்காற்று வலுத்துக் கடல்காற்று தாமதித்தால் பட்டணம் வெந்துவிடும். 2003 மே மாதத்தில் 45 டிகிரி அடித்ததை நேரில் அனுபவித்தவர்.

ஒருவழியாகச் சாயங்காலம் மெரினா. மணலில் உட்கார்ந்ததும் ஜிலுஜிலுவென்று காற்று வருகிறது. பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த பெரியம்மா அன்றைக்கு முதல்முறையாகச் சிரிக்கிறாள். மாமா பையைத் துழாவி மஃப்ளரை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்.

"போதும், எழுந்திருங்க. ஈரக்காத்து, தலையில நீர் கோத்துக்கும்."